யாருக்குக் கொடுத்த விலை?

வாசகர் கேள்வி – ரீச்சர் பதில்

தவக்காலம் வந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களும் வேறு மாதிரி இருக்கும். மற்ற மாதங்களில் பிள்ளையின் படிப்பு, கலியாணப் பேச்சு, காணி எல்லைத் தகராறு என்று எழுதுகிறவர்கள் இந்த நாற்பது நாட்களில் சிலுவையைப் பற்றிக் கேட்கிறார்கள். இம்முறை வந்தவற்றில் ஆறு கடிதங்களை எடுத்திருக்கிறேன். நான் குருமடத்தில் படித்தவள் அல்ல. வன்னிப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடம் விஞ்ஞானமும் கிறிஸ்தவமும் படிப்பித்தவள். வட்டக்கச்சியில் வயலோடு வாழ்கிறவள். தெரிந்ததையும் நம்புவதையும் எழுதுகிறேன்.

*

இயேசு தம் உயிரை மீட்பு விலையாகக் கொடுத்தார் என்று படிக்கிறோம். விலை என்றால் அதை வாங்கிய ஒருவர் இருக்க வேண்டுமே? யாருக்குக் கொடுத்தார், ரீச்சர்?
– உயர்தர மாணவி, மல்லாவி

மூன்றாம் நூற்றாண்டிலேயே இதைக் கேட்டுவிட்டார்கள், பிள்ளை. கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில் கிடைக்கவும் இல்லை.

முதலில் 'மீட்பு' என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். காலபோகம் தொடங்கினால் விதைநெல்லுக்கும் உழவுக்கும் பசளைக்கும் காசு வேண்டும். அம்மாவின் சங்கிலியும் காப்பும் அடைவுக்குப் போகும். மாசி, பங்குனியில் நெல்லை வெட்டி விற்றபிறகு மீட்டுக்கொண்டு வருவோம். அதனால் 'மீட்பு' என்று கேட்டவுடனே எங்களுக்கு அடைவுச் சீட்டும் வட்டியும்தான் ஞாபகம் வரும். சிலுவையையும் அப்படியே நினைத்துவிடுகிறோம். நாங்கள் நகை, பிசாசு அடைவுகடைக்காரன், இயேசுவின் உயிர் காசு.

ஒரிஜன் என்ற அறிஞர் கிட்டத்தட்ட இப்படித்தான் சொன்னார். மனிதர் தீயவனின் பிடியில் இருந்தார்கள், ஆகவே விலை அவனுக்குத்தான் போனது என்றார். நான்காம் நூற்றாண்டில் நீசா நகர் கிரகோரியார் அதை ஒரு மீன்பிடிக் கதையாகவே ஆக்கினார். இயேசுவின் மனித உடல் இரை, உள்ளே மறைந்திருந்த தெய்வீகம் தூண்டில் முள். சாவு இரையை விழுங்கி முள்ளில் மாட்டிக்கொண்டது. அகுஸ்தினார் எலிப்பொறி என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. கொக்கிளாய்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பில் தூண்டில் கதையைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் நசியான்சு கிரகோரியார், மற்றக் கிரகோரியாரின் நண்பர்தான், இதைக் கேட்டுக் கொதித்துப் போனார். பறித்துக்கொண்டு போன கள்வனுக்கு விலையா, அதுவும் கடவுளையே விலையாகவா என்று கேட்டார். சரி, பிதாவுக்குத்தான் கொடுத்தார் என்றால், எங்களைச் சிறைபிடித்து வைத்திருந்தவர் பிதா அல்லவே என்றும் கேட்டார்.

நான் அவர் பக்கம். விவிலியத்தைப் பாருங்கள். எகிப்தில் அடிமையாய்க் கிடந்த சனத்தைக் கடவுள் மீட்டார் என்று விடுதலைப் பயணத்தில் வருகிறது. பார்வோனுக்கு ஒரு சதமாவது கொடுத்தாரா? இல்லை. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. ஒருவன் வறுமைப்பட்டுக் காணியை விற்றால், அல்லது தன்னையே அடிமையாக விற்றால், அவனை மீட்கும் கடமை நெருங்கிய உறவினனுக்கு. அந்த முறைக்கு ஒரு சொந்தக்காரன் வேண்டும். விவிலியம் 'மீட்பர்' என்று சொல்லும்போது எனக்கு முதலில் தெரிவது, சீட்டோடு கடை வாசலில் நிற்கிறவர் அல்ல. 'இவன் என்ரை ஆள்' என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கும் சொந்தக்காரர்.

விலை என்ற சொல் பொய்யில்லை. 2009 போரின் கடைசி நாட்களில் நந்திக்கடலுக்குள் மார்பளவு தண்ணீரில் தாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவரை எனக்குத் தெரியும். அதற்கு அவர் பெரிய விலை கொடுத்தார். யாருக்குக் கொடுத்தார் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் கொடுத்தார்.

பரீட்சையில் எதை எழுதுவது என்று கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறீர்கள். ஒரிஜனையும் இரண்டு கிரகோரியார்களையும் எழுதுங்கள். திருச்சபை இவற்றில் ஒரு கொள்கையை மட்டும் தெரிந்தெடுத்து விசுவாசப் பிரமாணத்தில் வைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். அதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

*

எல்லாம் வல்ல கடவுள் 'சரி, மன்னித்துவிட்டேன்' என்று ஒரு சொல் சொன்னால் போதாதா? இரத்தம் எதற்கு?
– ஓய்வுபெற்ற கிராம அலுவலர், மாங்குளம்

ஐயா, ஆன்செல்ம் என்ற துறவியும் இதே கேள்வியோடுதான் உட்கார்ந்தார். கான்டர்பரியில் பேராயராக இருந்தவர், அரசனோடு பிணக்குப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறி, இத்தாலியில் இருந்தபோது 1098இல் 'கடவுள் ஏன் மனிதரானார்' என்ற நூலை முடித்தார். அவருடைய உலகம் பிரபுக்களின் உலகம். பிரபுவின் மானத்தைக் கெடுத்தவன் அதற்கு ஈடு செய்ய வேண்டும். பாவம் கடவுளுக்குரிய மதிப்பைப் பறிக்கிறது; ஈடு செய்ய வேண்டியவன் மனிதன், செய்யக்கூடியவர் கடவுள் மட்டும்; ஆகவே கடவுள் மனிதரானார். நல்ல கணக்கு. அடுத்த நூற்றாண்டில் அபெலார் வேறு பக்கமாகப் பார்த்தார். சிலுவை கடவுளின் மனத்தை மாற்றுவதற்கு அல்ல, அந்த அன்பைக் கண்டு எங்கள் மனம் மாறுவதற்கு என்றார். பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் வந்தார். சட்டம் படித்தவர். அவர் கையில் கதை நீதிமன்றத்துக்குப் போயிற்று. எங்களுக்குரிய தண்டனையை இயேசு ஏற்றார் என்றானது.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போர் முடிந்து எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து செய்த முதல் காலபோகம். பக்கத்துக் காணிக்காரர் எங்களிடம் நாலு மூடை விதைநெல் கடனாக வாங்கினார். மழை மிஞ்சி அவருடைய பயிர் அழுகிப்போனது. கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. என் கணவர் போய், 'அதை விடுங்கோ, இனிக் கதைக்க வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரே ஒரு வசனம்தான். ஆனால் நாலு மூடை எங்கேயும் மறைந்து போகவில்லை, ஐயா. அந்த வருடம் மகளுக்கு வாங்க இருந்த சைக்கிள் இல்லாமல் போயிற்று. அவள் மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடம் போனாள். நட்டம் அவருடைய வீட்டில் இருந்து எங்கள் வீட்டுக்கு இடம் மாறியது. அவ்வளவுதான்.

மன்னிக்கிறவர் நட்டத்தைத் தன் வீட்டுக்குள் எடுக்கிறார். வெறும் சொல்லால் மன்னித்ததாக நாங்கள் சொல்லும் இடங்களில், நட்டம் முதலில் பட்டவரிடமே இருந்துவிடுகிறது. இந்த நாட்டில் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஆன்செல்மின் கணக்கும் கால்வினின் கணக்கும் ஓரிடத்தில் ஆபத்தாகின்றன. தந்தை ஒரு பக்கம், மகன் மறுபக்கம் என்று இரண்டாகப் பிரித்து, கோபத்தில் இருக்கும் தகப்பன் குற்றமில்லாத பிள்ளையை அடிப்பதாக விளங்கிக்கொண்டால் எல்லாம் கெட்டுவிடும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தை ஒப்புரவாக்கியவர் கடவுளே என்கிறார். நட்டத்தை ஏற்றவர் மூன்றாம் ஆள் இல்லை.

*

அவரவர் வினையை அவரவர் அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. ஒருவர் செய்ததை இன்னொருவர் சுமப்பது நீதியா? சைவன் ஒருவன் கேட்கிறான் என்று கோபிக்க வேண்டாம்.
– வாசகர், வற்றாப்பளை

கோபம் எதற்கு? வைகாசிப் பொங்கலுக்கு உங்கள் கண்ணகை அம்மனிடம் வந்து, கடல்நீரில் விளக்கு எரிவதைக் கும்பிடும் கூட்டத்தோடு நின்று பார்த்தவள் நான்.

செய்தவன் பொறுப்பிலிருந்து தப்பலாம் என்று கிறிஸ்தவமும் சொல்லவில்லை. மனம் திரும்ப வேண்டும், பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் தீமை செய்தவனோடு நின்றுவிடுகிறதா? மிதிவெடியைப் புதைத்தவன் யாரோ. காலை இழந்தது மாடு சாய்க்கப் போன பிள்ளை. தீமை குற்றமில்லாதவரிடம் இவ்வளவு எளிதாகப் போய்ச் சேருகிறது என்றால், நன்மை மட்டும் ஏன் ஒருவரிலிருந்து இன்னொருவருக்குப் போகக்கூடாது? உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 5ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதும் இதைத்தான். பாற்கடலில் எழுந்த நஞ்சை உலகத்துக்கு விடாமல் தம் கண்டத்தில் வைத்துக்கொண்டவரை நீங்கள் நாளும் கும்பிடுகிறீர்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் எங்களுக்கும் அது மரியாதை இல்லை. ஆனால் நீலகண்டரைக் கும்பிடுகிறவருக்குச் சிலுவை முற்றிலும் அந்நியமாக இருக்காது.

*

வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர் சொன்னார்: கடவுளின் கோபம் தணிய இரத்தம் வேண்டியிருந்தது, அதனால் தம் மகனையே அடித்தார்; எங்கள் சனத்தின் பாவத்துக்காகத்தான் 2009இல் எங்கள் பிள்ளைகளையும் எடுத்தார் என்று. என் மகனுக்கு அப்போது 11 வயது. அதற்குப் பிறகு எனக்குக் கோயிலுக்குள் போக முடியவில்லை. அவர் சொன்னது உண்மையா?
– ஒரு தாய், முழங்காவில்

இல்லை, அம்மா. உண்மை இல்லை.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன். கோபத்தோடு எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். இன்றைக்கும் கோபம் போகவில்லை. அதை வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இயேசுவிடமே இதைக் கேட்டார்கள். லூக்கா 13இல் இருக்கிறது. சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, 'இல்லை' என்று அவரே பதிலும் சொன்னார். கிளிநொச்சி நகரில் பெரிய தண்ணீர்த் தாங்கி சாய்ந்து விழுந்து, போர் முடிந்தும் பல வருடம் அப்படியே கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம்தான் வரும். விழுந்த கோபுரத்தைக் காட்டி, அதன் கீழ் கிடந்தவர்களுடைய பாவத்தை எண்ணாதே என்றவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தவர், அதையே உங்களிடம் எண்ணியிருக்கிறார்.

இன்னொன்றும் பாருங்கள். எசாயா 53ஐப் பெரிய வெள்ளியன்று வாசிக்கிறோம். துன்புறும் ஊழியனைப் பற்றியது. 'கடவுள்தான் அவரை அடித்தார் என்று நாங்கள் எண்ணினோம்' என்ற கருத்து அதில் வரும். நாங்கள் எண்ணினோம். பார்த்து நின்றவர்களின் எண்ணம் அது. அடுத்த வரியே அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. எங்கள் குற்றங்கள்தான் அவரைக் காயப்படுத்தின என்கிறது. சிலுவையில் ஆணி அடித்தவர்கள் மனிதர். தீர்ப்பு எழுதினவன் ஓர் ஆளுநன். கூட்டத்தைச் சமாதானப்படுத்த ஒருவனைக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் பார்த்தவர்கள் பெரியவர்கள். கடவுள் இருந்த இடம் சுத்தியல் பிடித்த கையில் அல்ல, ஆணி ஏறிய கையில்.

நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். எனக்கு விளங்கிய விதத்தில் சொல்லட்டுமா?

என் கணவரைச் சிறுபோக வெட்டு நேரத்தில் புடையன் கடித்தது. வரம்பில் கிடந்த வைக்கோலைத் தூக்கியபோது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவருடைய இரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைத்தார்கள். உறையவில்லை. குழாயைச் சரித்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. புடையன் விஷம் செய்கிற வேலை அது. பிறகு விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். இந்தியாவிலிருந்து வருகிற மருந்து. அது எப்படிச் செய்யப்படுகிறது என்று ஒவ்வொரு வருடமும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். குதிரைக்குப் பாம்பின் விஷத்தை முதலில் மிகக் கொஞ்சமாக ஏற்றுவார்கள். பிறகு அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். குதிரையின் உடல் அந்த விஷத்தோடு போராடி, அதை முறிக்கிற பொருளைத் தன் இரத்தத்தில் உண்டாக்கும். அந்த இரத்தத்திலிருந்துதான் மருந்து. பாம்பைக் கண்டே இராத ஒரு குதிரையின் இரத்தம் என் கணவருடைய நரம்புக்குள் போயிற்று. அடுத்த நாள் விடியப்புறம் குழாயில் இரத்தம் உறைந்தது.

அந்தக் குதிரையைக் கோபத்தில் யாரும் அடிக்கவில்லை. யாருடைய குற்றத்துக்கும் அதற்குத் தண்டனை இல்லை. விஷம் ஓர் உடலுக்குள் போனது. அங்கேயே தோற்றது. வெளியே வந்தது மருந்து. சிலுவையில் எனக்குத் தெரிவது இதுதான், அம்மா. உலகத்தில் இருந்த வெறுப்பு, பயம், பொய், காட்டிக்கொடுப்பு எல்லாம் ஓர் ஆளின் உடலில் வந்து இறங்கின. அவர் அதை ஒருவருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை. அடித்தவர்களையும் சபிக்கவில்லை. ஒரு வித்தியாசம் இருக்கிறது: குதிரையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, இவர் தெரிந்துகொண்டு வந்தார்.

நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை இது. பாலைவனத்தில் பாம்பு கடித்தவர்கள் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பைப் பார்த்துப் பிழைத்தார்கள் என்று எண்ணிக்கை நூல் சொல்கிறது. யோவான் மூன்றாம் அதிகாரத்தில் இயேசு தம்மை அந்தப் பாம்போடுதான் ஒப்பிடுகிறார். மடுமாதா கோயில் மண்ணை விஷக்கடிக்குக் காவல் என்று முடிந்து வைத்திருப்பவர்கள் நாங்கள். எங்களுக்கு இந்த உவமை விளங்காமல் போகுமா?

2009ஆம் ஆண்டு பெரிய வெள்ளி ஏப்ரல் 10இல் வந்தது. நாங்கள் அப்போது வலைஞர்மடத்தில் ஒரு பங்கருக்குள் இருந்தோம். மண்மூடைக்குச் சாக்கு இல்லை. சேலைகளை வெட்டித் தைத்து மணல் நிரப்பியிருந்தோம். எனக்கு மேலே இருந்த மூடை என் கூறைச் சேலை. பக்கத்தில் ஒரு கிழவி சிலுவைப்பாதையை மனப்பாடமாகச் சொன்னா. ஒவ்வொரு நிலைக்கும் முழங்காலில் இருக்க இடமில்லாமல் தலையை மட்டும் குனிந்தோம். கடவுள் எங்களை அடிக்கிறார் என்று அந்தக் குழிக்குள் ஒருவரும் நினைக்கவில்லை. எங்களோடு உள்ளே இருக்கிறார் என்று நினைத்தோம். வெளியே வந்து பாதுகாப்பாக இருந்தவர்கள்தான் பிறகு காரணம் சொல்ல வந்தார்கள்.

உங்கள் பிள்ளையைக் கடவுள் எடுக்கவில்லை. செல் எடுத்தது. செல்லை மனிதர் செய்தார்கள், மனிதர் அடித்தார்கள். கோயிலுக்குள் போக முடியாவிட்டால் இப்போதைக்குப் போக வேண்டாம். வாசல் மரத்தடியில் இருங்கள். அதுவும் கோயில்தான்.

*

'கிறிஸ்து தீமையை வென்றார்' என்று பாஸ்காப் பூசையில் பாடுகிறோம். எனக்கு வெற்றி என்ற சொல்லே பிடிக்கவில்லை. தீமை தோற்றதாக இங்கே ஒன்றும் தெரியவில்லையே?
– வாசகர் (வயது 27), தருமபுரம்

தம்பி, அந்தச் சொல் எனக்கும் தொண்டையில் நிற்கிறது. கிளிநொச்சியில் அந்தக் கொங்கிரீட் கட்டியைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் செல் துளைத்து வெடிப்பு விட்டு, மேலே ஒரு தாமரை. அது வெற்றிச் சின்னம். மே மாதத்தில் தெற்கில் பல வருடம் வெற்றி விழா நடந்தது. அதே நாட்களில் இங்கே நாங்கள் செத்தவர்களை நினைத்து உப்பில்லாக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறோம். ஒரு சனத்தின் வெற்றி இன்னொரு சனத்தின் செத்தவீடு. இந்த அர்த்தத்தில் கிறிஸ்து வென்றார் என்றால் அதை நானும் பாட மாட்டேன்.

சிலுவையையே அப்படிப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். 312இல் ரோமுக்கு வெளியே நடந்த போரில் கொன்ஸ்தந்தீன் கிறிஸ்துவின் அடையாளத்தோடு வென்றதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எத்தனை படைகளின் கொடியில் சிலுவை! எங்கள் மன்னாருக்கும் 1560இல் போர்த்துக்கேயர் சிலுவையையும் பீரங்கியையும் ஒரே கப்பலில்தான் கொண்டு வந்தார்கள். கத்தோலிக்கராகிய நாங்கள் இதைச் சொல்லத் தயங்கக்கூடாது.

குஸ்தாவ் ஔலேன் என்று ஒரு சுவீடன் நாட்டு இறையியலாளர் இருந்தார். அவருடைய விரிவுரைகள் 1931இல் 'கிறிஸ்துஸ் விக்டர்', வெற்றியாளர் கிறிஸ்து, என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்தன. ஆன்செல்மின் கணக்குக்கு முன்பு, முதல் ஆயிரம் ஆண்டுகள் திருச்சபை சிலுவையை ஒரு போராட்டமாகத்தான் பார்த்தது என்று காட்டினார். எதிரி மனிதர் இல்லை. பாவம், சாவு, பிசாசு, மனிதரைப் பிடித்து ஆட்டுகிற ஆதிக்கங்கள். இவற்றைக் கிறிஸ்து வென்றதுதான் மீட்பு. ஔலேன் பிறகு ஆயரானார். நாசிகள் நோர்வேயைப் பிடித்திருந்த நாட்களில் அங்கிருந்த திருச்சபையின் எதிர்ப்புக்குத் துணை நின்றார். தான் எழுதியதன் பொருள் தெரிந்து வாழ்ந்தவர்.

கொலோசையர் 2:15ஐ எடுத்து வாசியுங்கள். ரோமத் தளபதி வென்று வந்தால் தோற்றவர்களைக் கட்டி, ஊர் நடுவே இழுத்துக்கொண்டு போவான். பார்த்தவர்களுக்கு அது பழக்கமான காட்சி. அந்த ஊர்வலத்தைத்தான் பவுல் தலைகீழாகத் திருப்புகிறார். உரிந்து அம்பலத்தில் நிறுத்தப்பட்டது சிலுவையில் தொங்கியவர் அல்ல, அவரைத் தொங்கவிட்ட ஆதிக்கங்கள். சட்டம், ஒழுங்கு, சமாதானம் என்று தங்களுக்குப் பெயர் வைத்திருந்தவை, குற்றமில்லாத ஒருவரைக் கொல்லும்போது தங்கள் முகத்தைக் காட்டிவிட்டன. காட்டிவிட்ட முகத்தைத் திரும்ப மறைக்க முடியாது.

அப்படியென்றால் தீமை ஏன் இன்னும் இருக்கிறது? 1946இல் ஒஸ்கார் குல்மன் ஓர் உவமை சொன்னார். போரின் முடிவைத் தீர்மானிக்கிற சமர் முடிந்துவிட்டது, கடைசி நாள்தான் இன்னும் வரவில்லை என்று. இரண்டாம் உலகப்போரைப் பார்த்தவர் அவர். அவருக்கு அது ஆறுதல். எனக்கு இல்லை. தீர்மானிக்கிற சமருக்கும் கடைசி நாளுக்கும் இடையில் என்ன நடக்கும் என்று பார்த்த சனம் நாங்கள்.

எனக்கு, போரின் முன்வரிசையாய்க் கிடந்த முகமாலைதான் உவமை. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி அங்கே மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போனாள். கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். அந்த வெடிகளைப் புதைத்த படைகள் எதுவும் இன்று அந்த வரிசையில் இல்லை. கட்டளை கொடுத்தவர்கள் இல்லை. யாருக்கும் அந்த வெடியால் இனி ஒரு பயனும் இல்லை. ஆனால் மிதித்தால் வெடிக்கும். தீமை இப்போது எனக்கு அப்படித்தான் தெரிகிறது. அதன் ஆட்சி முடிந்துவிட்டது, விஷம் மண்ணுக்குள் இருக்கிறது. அவள் முகத்துக்குக் கவசம் போட்டு, வெயிலில் முழங்காலில் இருந்து, ஒரு சிறிய கருவியால் மண்ணைச் சுரண்டுவாள். ஒரு நாள் முழுக்கச் செய்தாலும் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம்கூடச் சில நாட்களில் முடியாது என்பாள். முடித்த இடத்தில் பிறகு ஆட்கள் வீடு கட்டுவார்கள், தென்னை வைப்பார்கள். சமாதியைத் திறந்தவரின் வெற்றி எப்படி இருக்கும் என்று கேட்டால், நான் அந்தப் பாயளவு இடத்தைத்தான் காட்டுவேன்.

*

விசுவாசப் பிரமாணத்தில் 'பாதாளத்தில் இறங்கி' என்று சொல்கிறோமே, அது என்ன? இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. என் கணவர் 2009 மே மாதத்திலிருந்து இல்லை. இறந்துவிட்டார் என்றும் யாரும் சொல்லவில்லை. இறந்தோர் நினைவுநாளான நவம்பர் 2இல் அவருக்கு மெழுகுதிரி கொளுத்தினால் நானே அவரைச் சாகடித்தது போல இருக்கிறது. கொளுத்தாவிட்டால் கைவிட்டது போல இருக்கிறது.
– ஒரு மனைவி, விசுவமடு

தங்கச்சி, பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. அன்றைக்குப் பகலில் பூசை இல்லை. பீடம் வெறுமையாக இருக்கும். கோயிலுக்குள் போனால் என்ன செய்வதென்றே தெரியாது. அந்த நாளுக்குரிய வரிதான் 'பாதாளத்தில் இறங்கி'. சிறையில் இருந்த ஆவிகளிடம் அவர் போய் அறிவித்தார் என்று பேதுருவின் முதல் கடிதம் சொல்கிறது.

கீழைத் திருச்சபையினர் உயிர்ப்பை வரையும்போது, கல்லறை வாசலில் தனியே நிற்கும் இயேசுவை வரைவதில்லை. பாதாளத்துக்குள் இறங்கி நிற்பவரை வரைவார்கள். இஸ்தான்புல்லில் கோரா என்ற பழைய கோயிலின் சுவரில் பதினான்காம் நூற்றாண்டில் வரைந்த ஒன்று இருக்கிறது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். காலடியில் உடைந்த கதவுகள். பூட்டுகளும் சாவிகளும் சிதறிக் கிடக்கும். ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் இழுக்கிறார். விரல்களைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். அவர்களுக்குத் திருப்பிப் பிடிக்கப் பலம் இல்லை என்று அர்த்தம்.

அவர் எங்கே என்று ஒருவரும் சொல்லாத இடம் ஒன்று இருக்கிறது. பதிவேடு இல்லாத இடம். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போய் உட்கார்ந்தது அந்த இடத்தைப் பற்றிக் கேட்கத்தான். விசுவாசப் பிரமாணம் சொல்கிறது, கிறிஸ்து அங்கேயும் தேடிப் போனார் என்று. உயிரோடு இருப்பவர்களின் பட்டியலையோ இறந்தவர்களின் பட்டியலையோ கையில் வைத்துக்கொண்டு அவர் போகவில்லை.

ஆகவே நவம்பர் 2 வேண்டாம். நீங்கள் ஒன்றையும் தீர்மானிக்கத் தேவையில்லை. தீர்மானிக்க வேண்டியவர்கள், பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள். கேட்பதையும் நிறுத்த வேண்டாம். பாஸ்காச் சனிக்கிழமை இரவு, கோயிலுக்கு வெளியே புதுநெருப்பு மூட்டி முதல் மெழுகுதிரியைக் கொளுத்தும்போது, அதிலிருந்து உங்கள் திரியைப் பற்றவைத்து அவருடைய பெயரைச் சொல்லுங்கள். உயிரோடு இருந்தாலும் அந்தப் பெயருக்கு அது பொருந்தும், இல்லாவிட்டாலும் பொருந்தும்.

பெயரை எனக்கும் எழுதி அனுப்புங்கள். இங்கே எங்கள் கோயிலில் நான் பற்றவைக்கும்போது அவரையும் சொல்கிறேன்.